பஞ்சுக்கையின் வண்டிக் கடிவாளம்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளம் வாங்கும் இடத்திலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் தவிர அது எங்கும் புழங்கவில்லை. ஏரிக்கரை ஓட்டலில் மேனேஜர் முதல் பாத்திரம் தேய்ப்பவர் வரை எல்லோருக்கும் அவர் பஞ்சுக்கைதான். ஆளைப் பார்த்தால் பஞ்சுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம், மண்வெட்டி போல உள்ளங்கை, கூப்பிட்டால் லாயத்துத் தகரக் கூரை அதிரும் குரல். ஆனால் அந்தக் கையில் குதிரையின் கடிவாள வாரைக் கொடுத்துவிட்டால் ஆளே வேறு. அவர் பிடித்திருக்கிறாரா விட்டுவிட்டாரா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். குதிரைக்கு மட்டும் சந்தேகம் வராது.

"குதிரைக்குத்தான் பஞ்சு. எனக்கு வாய்ச்சதென்னவோ பாறாங்கல்லு" என்பாள் அவர் மனைவி. அதே ஓட்டலின் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து அவள் பேச்சும் மடிப்புக் கலையாமல் வரும். அவர் பதில் சொல்ல மாட்டார். சொன்னால் இன்னும் நாலு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அவர் குதிரைக்காரராகப் பிறக்கவில்லை. ஓட்டலில் பெட்டி தூக்கத்தான் சேர்ந்தார். ஒருநாள் வண்டிக்காரர் காய்ச்சலில் படுத்துவிட, ரயிலடியில் விருந்தாளிகள் காத்துக்கிடக்க, அப்போதிருந்த மேனேஜர் கையில் அகப்பட்ட நெட்டையனைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார். எப்படி இழுப்பது என்று தெரியாததால் அவர் இழுக்கவே இல்லை. குதிரைக்கு வழி தெரிந்திருந்தது. போயிற்று, வந்தது. இறங்கிய விருந்தாளிகள், இவ்வளவு அலுங்காமல் எந்த ஊரிலும் வண்டி ஏறியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒன்றும் செய்யாமல் இருந்ததற்குக் கிடைத்த பாராட்டு அது. அதையே அவர் தொழிலாக வைத்துக்கொண்டார். வாயைப் புண்ணாக்காமல் குதிரையை எப்படி ஓட்டுவது என்பதைத் தவிர வேறு எதையும் அவர் வாழ்க்கையில் அக்கறையாகக் கற்றுக்கொண்டதில்லை. மளிகைச் சாமான் வாங்கி வரச் சொன்னால் பாதியை மறந்துவிட்டு வருவார். குதிரை எந்தப் பக்கத்து ஈறில் இரும்பை வைத்துக்கொள்ளப் பிரியப்படும் என்று கேட்டால் உட்காரவைத்துக் கதை சொல்வார்.

வண்டிக் கடிவாளம் பார்வைக்குக் கொஞ்சம் பயங்கரமானது. குதிரையின் வாய்க்குள், பல்லில்லாத ஈறின்மேல் கிடக்க ஓர் இரும்புத் தண்டு. தண்டின் இரண்டு முனையிலும் வளையம். வளையத்துக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் கால் தொங்கும். அந்தக் காலில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு துளை. தாடைக்கு அடியில் ஒரு சங்கிலி. வாரை வளையத்தில் மாட்டினால் கை இழுக்கிற அளவுதான் வாய்க்குப் போகும். மேல் துளையில் மாட்டினால் அந்த இரும்புக் கால் நெம்புகோலாகிவிடும். இழுப்பு கூடும், சங்கிலியும் தாடையைக் கவ்வும். கீழ்த் துளையில் மாட்டிவிட்டால் சின்னக் குழந்தை இழுத்தாலே குதிரைக்கு உயிர் போய் உயிர் வரும். 

"சவாரி பண்றவனுக்குக் காலு இருக்கு, இடுப்பு இருக்கு. அழுத்திச் சொல்லலாம், சாஞ்சு சொல்லலாம். வண்டிக்காரன் எங்கேயோ பின்னாடி ஒக்காந்திருக்கான். அவனுக்குத் தொண்டையும் வாரும்தான். அதனாலதான் அவன் கடிவாளத்துக்கு இத்தனை துளை" என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்குவார். கேட்காதவர்களுக்கும் விளக்குவார். "ஆனா ஒண்ணு. மேல் துளையைத் தாண்டிக் கீழே எறங்குறவன் வண்டிக்காரன் இல்ல. அவன் கசாப்புக் கடைக்குப் போலாம்."

ஓட்டலுக்குப் பேட்டரி கார் வந்ததும் குதிரை வண்டி புல்வெளிக்கு நடுவில் நிறுத்தப்பட்டது. ஆள் உட்கார்ந்த இடத்தில் பூந்தொட்டிகள் ஏறி உட்கார்ந்தன. அவர் அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கவில்லை. வண்டி போனாலும் அதை இழுத்த செவலை இருந்தது. அது நல்ல உயரமான பெட்டைக்குதிரை, செம்பு நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளைச் சுழி. விருந்தாளிகளை முதுகில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டுவதென்று ஓட்டல் முடிவு செய்தது. அவர் காலையில் ஒரு சுற்று தானே ஏறிப் போய் அதன் உடம்பைத் தளர்த்திவிட்டு வர வேண்டும். அப்புறம் விருந்தாளியை ஏற்றிவிட்டு, வாரைப் பிடித்துப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். விருந்தாளிக்குப் பிடித்துக்கொள்ளச் சேணத்தில் ஒரு பட்டை இருந்தது. வாரை அவர்கள் தொடக்கூடாது என்பது பஞ்சுக்கை போட்ட சட்டம்.

முதுகில் சேணம் ஏறியபோதும் வாயில் அவர் பழைய வண்டிக் கடிவாளத்தையே போட்டார். விருந்தாளிகளின் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்க வந்திருந்த டீச்சர் அதைப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போனாள். அவருக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

"என்ன அண்ணே, வண்டி இரும்பைப் போயி சவாரிக் குதிரைக்குப் போட்டிருக்கீங்க? வாய் என்னத்துக்கு ஆகும்?"

"இவ வாய்க்கு இது பழகினது, டீச்சர். வாரை எங்கே மாட்டியிருக்கேன்னு பாருங்க."

அவள் குனிந்து பார்த்தாள். வளையத்தில் மாட்டியிருந்தது. சங்கிலி சும்மா தளர்ந்து தொங்கியது. அவளும் விவரம் தெரிந்தவள்தான். ஏறி ஒரு சுற்று போய் வந்தாள். இறங்கும்போது அவள் முகம் மாறியிருந்தது. "வளையத்துல இருக்கிற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லல. ஆனா துளையில மட்டும் மாட்டிடாதீங்க. சவாரியில கை வாய்க்குப் பக்கத்துல இருக்கு. தடுமாறினா மொத்த உடம்பும் வாரைப் பிடிச்சுத்தான் தொங்கும்" என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவரும் தலையாட்டினார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

இப்படியே போயிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரை வீட்டில் இருந்தது. இரண்டும் சந்தித்துக்கொண்டது அபூர்வம். முதலில் பாதம் மரத்தது. செருப்பு எங்கோ கழன்று விழுந்திருக்கும், இவர் வீடு வரைக்கும் ஒற்றைச் செருப்போடு வந்து நிற்பார். "இன்னொண்ணு எந்தச் சிநேகிதி வீட்டுல விட்டுட்டு வந்தீங்க?" என்று மனைவி கேட்பாள். சிரிப்பார்கள். பிறகு விரல் நுனிகள். சட்டைப் பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. ஒருநாள் காலையில் அவர் பொத்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு அவளே வந்து போட்டுவிட்டாள். மறுநாளும் போட்டாள். அதன்பின் அது பழக்கமாயிற்று. ஏன் போடுகிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில்கூட இல்லாத கொஞ்சல் போல அதை இரண்டு பேரும் நடத்திக்கொண்டார்கள்.

விரல் மரத்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மரத்துப்போனது பொத்தான் போடுகிற விரல் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வார் பிடிக்கிற கைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவர் புத்திக்கு எட்டவே இல்லை. கண் மங்கினால் பாடகனின் குரல் போய்விடுமா? அப்படித்தான் அவர் கணக்கு.

வார் வழியாகச் செவலை அவரிடம் பேசும். இரும்பை நாக்கால் தள்ளி விளையாடுவது ஒரு சின்னத் துடிப்பாக வந்து விரலில் சேரும். புதரில் ஏதாவது அசைந்தால், அது மிரளுவதற்கு முன்பே வாரில் ஒரு நடுக்கம் ஓடும். வீடு திரும்பும் வளைவில் கொஞ்சம் கேட்டு வாங்குவது போல இழுக்கும். இத்தனை வருஷமும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் அவர் பிழைத்தார். அந்த மழைக்காலத்தில் அது நின்றுபோயிற்று. காலைச் சுற்றில் ஏறிப் போகும்போது வார் வெறும் தோலாகக் கையில் கிடந்தது. செவலை ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னமோ கோவம் அவளுக்கு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கா" என்று வீட்டில் வந்து சொன்னார்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"நான் என்ன பண்ணேன்? வண்டியை விட்டு எறக்கிட்டாங்கன்னு இப்பத்தான் அவளுக்கு உறைக்குதோ என்னவோ."

பேசாதவளை எப்படிப் பேசவைப்பது? கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். குரல் கேட்காதபோது நாம் காதைக் கொண்டுபோய்ச் சுவரில் வைப்பதில்லையா, அதுபோலத்தான். வார் கையில் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ள விரல்களை இறுக்கினார். இறுக்கியது தெரியாததால் இன்னும் இறுக்கினார். தான் இழுக்கிறோம் என்று அவருக்குத் தெரியவே இல்லை. செவலை தலையை உதறியது, வாயைத் திறந்தது, தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்து இரும்பிலிருந்து தப்பிக்கப் பார்த்தது. வேறு எந்தக் குதிரைக்காரன் கையில் இதைப் பார்த்திருந்தாலும் அது வலி என்று அவர் உடனே கண்டுபிடித்திருப்பார். தன் கையின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை கண்ணை மறைத்துவிட்டது. வாய் மரத்துப்போகிறது என்று முடிவு கட்டினார். நன்றாக ஓட்டுகிறவன் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால், குதிரையின் வாய்தான் செத்திருக்க வேண்டும்.

வாரை வளையத்திலிருந்து மேல் துளைக்கு இறக்கினார். டீச்சர் இல்லாத நேரம் பார்த்துத்தான் இறக்கினார். நாலைந்து நாள் செவலை சொன்ன பேச்சைக் கேட்டது. வலியில் கேட்டது. மறுபடி அதே அமைதி. ஒரு காலையில் லாயத்து வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டு, கடிவாளத்தைக் கழற்றி, வாரைக் கீழ்த் துளையில் மாட்டினார். கொக்கியை மாட்ட விரல் ஒத்துழைக்காமல் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. கசாப்புக் கடையைப் பற்றித் தான் சொன்னது அப்போது அவருக்கு நினைவு வந்தது. "உன் நல்லதுக்குத்தாண்டி" என்று குதிரையிடம் சொன்னார். சொல்லிவிட்டு அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே அது நடந்தது. ஓட்டலுக்கு வந்திருந்த ஒரு பெரிய மனுஷி, உடம்பாலும் பெரியவர், செவலையின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். ஏரிக்கரை வளைவில் பஞ்சுக்கை வாரைப் பிடித்துத் திருப்பினார். அவர் கணக்கில் லேசாகத்தான் திருப்பினார். குதிரை பின்னங்காலில் குந்தியபடி பின்பக்கமாகவே ஓடியது. பெரிய மனுஷி சரிந்து புல்லில் உட்கார்ந்தார். அடி ஒன்றும் இல்லை. உடையில் சேறு, வாயில் வசவு, அவ்வளவுதான். ஆனால் செவலையின் உதட்டில் வழிந்த நுரை இளஞ்சிவப்பாக இருந்தது.

டீச்சர் ஓடி வந்து வாயைத் திறந்து பார்த்தாள். பல்லில்லாத ஈறு இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. நாக்கு கன்றிப்போயிருந்தது. தாடைக்கு அடியில் சங்கிலி தோலை உரித்திருந்தது. பிறகுதான் வார் எங்கே மாட்டியிருக்கிறது என்று அவள் கண்ணில் பட்டது. 

"அண்ணே… கீழ்த் துளையா? நீங்களா?"

"வாய் செத்துப்போச்சு, டீச்சர்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நம்பினார். "வளையத்துல மாட்டினா கேக்கவே மாட்டேங்கிறா. மேல் துளைக்கும் அதேதான். நான் என்ன பண்ணட்டும்?"

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஓட்டல் நடத்துகிறவர், அவ்வளவுதான். பஞ்சுக்கையே சொல்லிவிட்டபின் அவர் வேறு யாரைக் கேட்பார்? "பெரியவரே, குதிரையைப் பத்தி உங்க வார்த்தைக்கு மேல வார்த்தை கிடையாது. வாய் செத்த குதிரையில கெஸ்ட்டை ஏத்த முடியுமா? தரகர் வாரக் கடைசியில வர்றாரு. அனுப்பிடலாம்" என்றார்.

தரகர் எங்கே விற்பார் என்று கேட்கத் தேவையில்லை. வாய் கெட்ட குதிரையைச் செங்கல் சூளைக்காரர்கள்தான் எடுப்பார்கள். அங்கே வளையத்தில் மாட்டுகிறவன் ஒருவனும் கிடையாது. இரும்பு தேய்ந்தால் கம்பியைச் சுற்றி வாயில் கொடுப்பார்கள். பாரத்தோடு குதிரை விழுந்தால் அடுத்ததைக் கட்டிக்கொண்டு போவார்கள். பஞ்சுக்கை மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தபோது கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் நடந்தார். கால் அப்படித்தான் என்றாலும் அன்றைக்கு அது காரணமில்லை. செவலையை அனுப்பப்போகும் தீர்ப்பைத் தன் வாயாலேயே எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்ற நினைப்பு அவரைப் போட்டு ஆட்டியது.

கடிவாளத்தை வீட்டுக்கு எடுத்துவந்தார். இரும்புத் தண்டின்மேல் மெத்தென்று தோல் சுற்றினால் புண் ஆறிவிடும், வாய் உயிர்த்துவிடும், மேனேஜரிடம் இன்னொரு தரம் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை. மத்தியான நேரம். ஒற்றை அறை வீடு, ஜன்னலோரம் கட்டில், கட்டிலில் தோல் துண்டுகள். சலவைக் கூடத்தில் மின்சாரம் போனதால் மனைவியும் வந்துவிட்டாள். அவர் தோலைச் சுற்ற, அது கழன்று விழ, மறுபடி சுற்ற, மறுபடி விழ, அவள் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். எப்போதும் இந்த இடத்தில் அவளுக்கு ஒரு கிண்டல் வரும். அன்று வரவில்லை.

"என்னங்க, அதை இங்கே குடுங்க."

"நீ சுத்துவியா?"

"சுத்தல. நான் குதிரை. நீங்க ஓட்டுங்க."

"விளையாடுற நேரமா இது?"

"இத்தனை வருஷமா அப்படித்தானே ஓட்டினீங்க, இன்னைக்கு என்ன வெக்கம்?" என்றாள். வாய் சொன்னதே தவிர முகத்தில் சிரிப்பு இல்லை. இரும்புத் தண்டை இரண்டு உள்ளங்கையிலும் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள். அவருக்கு முதுகைக் காட்டி ஜன்னலைப் பார்த்து நின்றாள். "செவலையைப் பிடிக்கிற மாதிரியே பிடிங்க. அவளைத் திருப்புற மாதிரி திருப்புங்க."

அவர் வாரை எடுத்தார். டீச்சர் அதை அன்றே வளையத்துக்கு மாற்றி மாட்டியிருந்தாள். பழைய நாட்களில் பிடித்தது போலவே, உள்ளங்கையில் ஒரு குருவியை வைத்திருப்பது போல நினைத்துக்கொண்டு பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நேராகப் போனார், நிறுத்தினார், வளைவில் இடது பக்கம் திருப்பினார். மனசு கொஞ்சம் லேசாயிற்று.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அவருக்கு உண்மையைக் காட்டத்தான் அவள் இதை ஆரம்பித்தாள். பொத்தான் போட்டுவிட்ட முதல் நாளிலிருந்து அவளுக்குச் சந்தேகம். செவலையின் வாயைப் பற்றிக் கேட்டதிலிருந்து சந்தேகம் நிச்சயமாகிவிட்டது. ஆனால் இரும்பு கைக்குள் இருக்கும்போது, பின்னால் அவர் அந்தக் குரலில் கேட்கும்போது, அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

"பஞ்சுதான்" என்றாள். "பஞ்சு மாதிரிதான் இருக்கு."

அவர் கண்ணைத் திறந்தார். வார் துணி காயப்போடும் கொடி போல விறைத்து நின்றது. அவள் முழங்கைகள் இரண்டும் பின்னால் இழுபட்டு விலாவோடு நெரிந்திருந்தன. விழுந்துவிடாமல் இருக்க ஒரு காலை ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஊன்றியிருந்தாள். அவள் தோள்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் கையில் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு நூலைப் பிடித்திருந்த மாதிரிதான் இருந்தது.

வாரைக் கீழே போட்டார். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் அவளைத் திருப்பி, மறைத்த கைகளை இழுத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்த உள்ளங்கை அது. சுலபத்தில் எதுவும் பதியாது. அதிலேயே இரும்பு சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. ஒரு விரலில் தோல் உரிந்திருந்தது.

"ஏன் கத்தல? வலிக்குதுன்னு ஏன் சொல்லல?"

"அதுவும்தான் சொல்லல. பாவம், வாயில்லாத ஜீவன்" என்றாள் அவள். பிறகு உடைந்து அழுதாள். அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவருடைய ஆறடி உயரமும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. செவலை கோபப்படவில்லை, மூஞ்சியைத் தூக்கவில்லை, வாயும் சாகவில்லை. அது கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கத்துவது கேட்கவில்லை என்று இவர் துளை துளையாகக் கீழே இறங்கியிருக்கிறார்.

மறுநாள் காலையில் மேனேஜர் அறைக்குப் போனார். டீச்சரையும் கூட்டிப்போனார்.

"சார், குதிரையை அனுப்பாதீங்க. அவ வாய் நல்லாத்தான் இருக்கு. என் கைதான் போச்சு."

மேனேஜர் சிரித்தேவிட்டார். "உங்க கையா? பெரியவரே, குதிரையைக் காப்பாத்தறதுக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்க. ஊரே உங்க கையைப் பத்திப் பேசுது."

வாழ்நாளெல்லாம் சம்பாதித்த நல்ல பெயர் அன்றைக்கு அவருக்கு எதிரியாக வந்து நின்றது. டீச்சரும் நம்பவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. கிழவர் பாசத்தில் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று அவள் கண் கலங்கியிருந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜைமேல் அப்போதுதான் கொண்டுவந்து வைத்த தேநீர், கண்ணாடி டம்ளரில் ஆவி பறக்க இருந்தது. மேனேஜர் அதைத் தொடக்கூட இல்லை. பஞ்சுக்கை அதை எடுத்து ஐந்து விரலாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே பேசினார்.

"என் கைக்கு ஒண்ணும் தெரியல சார். நான் எவ்வளவு இழுக்கிறேன்னு எனக்கே தெரியல. அவ மேல தப்பே இல்ல. புண்ணு ஆறட்டும். அப்புறம் டீச்சர் ஏறிப் பாக்கட்டும். அதுவரைக்கும் தரகரை வரச்சொல்லாதீங்க. எனக்கு அந்த வேலை வேண்டாம். எழுதிக் குடுத்துடறேன்."

"டம்ளரை வையுங்க" என்றார் மேனேஜர்.

"வாயைப் பத்தி நான் சொன்னது தப்பு. அதை மட்டும்…"

"முதல்ல அதை வையுங்க, பெரியவரே!"

டீச்சர்தான் எழுந்துவந்து அவர் விரல்களைப் பிரித்து டம்ளரை வாங்கினாள். சூட்டில் அவளால் அதைப் பிடிக்க முடியவில்லை. சட்டென்று மேஜையில் வைத்துவிட்டாள். அவர் உள்ளங்கை சிவந்து கிடந்தது. தரகருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று மேனேஜர் சொன்னார்.

பஞ்சுக்கைக்கு வாசல் கேட்டில் வேலை கொடுத்தார்கள். ஒரு நாற்காலி, நிழலுக்கு ஒரு குடை. கார் வந்தால் எழுந்து கேட்டைத் திறக்க வேண்டும். மாத்திரையை இப்போது மனைவி தன் கண்ணெதிரிலேயே விழுங்கவைத்தாள். போன உணர்ச்சி திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். லாயத்துப் பக்கம் அவர் போகவில்லை. செவலைக்கு ஈறு ஆறுகிறது, தவிடு தின்கிறது, படுத்துப் புரள்கிறது என்று டீச்சர் தினமும் கேட்டில் நின்று சொல்லிவிட்டுப் போவாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அவள் போனதும் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

புண் முழுக்க ஆறியபின் ஒருநாள் அவள் வந்து, "இன்னைக்கு ஏறப்போறேன். நீங்க வந்தே ஆகணும். என்ன கடிவாளம் போடட்டும், சொல்லுங்க" என்றாள்.

"அதையே போடுங்க. அது அவளுக்கு ஒண்ணும் பண்ணல" என்றார். "வளையத்துல."

வேலியோரம் போய் நின்றார். செவலை நடந்தது, மெல்ல ஓடியது, வளைவில் திரும்பியது. கழுத்தை வளைத்து, காதுகளை முன்னும் பின்னும் ஆட்டி, இரும்பை நாக்கால் உருட்டி விளையாடிக்கொண்டே போயிற்று. உதட்டில் வெள்ளை நுரை கட்டியிருந்தது. வாரில் இப்போது என்னென்ன ஓடும் என்று அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். அதெல்லாம் வேறொரு கைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. டீச்சர் வேலியருகில் வந்து இறங்கினாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"வெண்ணெய் மாதிரி இருக்கு, அண்ணே. வாய் முழுக்கப் பேசுறா. நிறுத்தவே மாட்டேங்கிறா."

"பேசுவா" என்றார். "அவ அப்படித்தான்."

அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு நிற்கிறவர் போல எதையாவது செய்ய வேண்டும் என்று சட்டைப்பையைத் துழாவி ஒரு கேரட் துண்டை எடுத்தார். உள்ளங்கையை விரித்து வேலிக்கு மேலாக நீட்டினார். செவலை தயங்கியது. பிறகு கழுத்தை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தது. அவரால் அதன் வாயைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பி ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் உதடு எவ்வளவு மெதுவாக, ஒரு துணுக்குக்கூடச் சிந்தாமல் கையிலிருந்து எடுக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஏரியில் ஒரு படகு அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் கையை நீட்டியபடியே நின்றார்.

டீச்சர் அருகில் வந்து, அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டாள்.

"அவ தின்னு ரொம்ப நேரமாச்சு, அண்ணே" என்றாள்.